வால்தம்ஸ்டோவில் அண்ணையின் கல்லறை

மேல்மாடிக்காரரை நான் முதன்முதலில் கண்டபோது அவர் ஒருவனுடைய முழங்கையை உடைத்துக்கொண்டிருந்தார்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில், பட்டப்பகலில், மொட்டைத்தலை வெள்ளைப் பையன்கள் சிலர் என்னைச் சுவரோடு சாத்தி வைத்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று கேட்கிற காலமில்லை. என் தோலைத் தவிர அவர்களுக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. வாய் நிறைய இரத்தம். ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. மற்றக் கண்ணால் பார்த்தபோது, கம்பளி போர்த்திய ஒரு கறுப்பு மனிதர் வீதியைக் கடந்து வந்துகொண்டிருந்தார். அவர் ஓடி வரவில்லை, கத்தவும் இல்லை. நடந்தபடியே கம்பளியைக் கழற்றி இடது கையில் சுற்றினார். வலது கையில் ஒரு தடி. அவர்கள் எறிந்த போத்தலைக் கம்பளி சுற்றிய கையால் தட்டிவிட்டு, முதல் அடியை முழங்கையில் போட்டார். அடுத்தவனுக்கு முழங்காலில். மூன்றாமவனுக்குக் காதுக்கு மேலே. முழங்கை உடைந்தவன் அம்மாவைக் கூப்பிட்டு அழுதான். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது, இப்போது நினைத்தாலும் பிடிக்கிறது.

நான் குடியிருந்த வீட்டில் மேல்மாடி அறை காலியாகக் கிடந்தது. இப்படி ஒரு ஆளை விடக்கூடாது என்று நினைத்து அந்தக் கிழமையே அவரை அங்கே குடியேற்றினேன். தென்னாப்பிரிக்கா நாலு பக்கமும் சூழ்ந்து நிற்கிற லெசோத்தோ என்ற சின்ன மலைநாட்டுக்காரர் அவர், சோத்தோ இனத்தவர். ஏறத்தாழ என் வயதுதான். பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிற வேலை. பிக்காசுப் பிடி ஒன்றை வாங்கிச் சீவி, செப்புக் கம்பி சுற்றி, அந்தத் தடியைத் தானே செய்திருந்தார். கம்பளியை மட்டும் ஊரிலிருந்து கொண்டு வந்திருந்தார். அதில் இருக்கிற கோடுகள் நெட்டாக நிற்கும்படிதான் போர்க்க வேண்டுமாம், குறுக்காகப் போர்த்தால் ஆள் வளரமாட்டானாம். ஆறடியைத் தாண்டிய மனிதர், இனி எங்கே வளரப் போகிறீர்கள் என்று கேட்டேன். வளர்ச்சி உயரத்தில் மட்டும் இல்லை என்று சொல்லிவிட்டுத் தேநீரை உறிஞ்சினார். அப்படி ஒரு ஆள்.

இனி என் அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஊரில், தனிநாட்டுக்காகத் துப்பாக்கி தூக்கிய இயக்கங்களில் சிறிய ஒன்றில் இருந்தார். இயக்கங்கள் ஒன்றையொன்று வேட்டையாடிய ஆண்டு வந்தது. பெரிய இயக்கம் மற்ற இயக்கப் பையன்களைத் தேடித் தேடிப் பிடித்தது. சந்தியில் வைத்துச் சுட்டார்கள், டயர் போட்டு எரித்தார்கள். நான் அப்போது லண்டனில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். அண்ணையோடு ஒரே வகுப்பில் படித்தவன், எங்கள் வீட்டுப் புட்டைத் தின்று வளர்ந்து பிறகு பெரிய இயக்கத்துக்குப் போன ஒருவன், வேனில் வந்து படலையில் நின்று, மச்சான் ஒரு அலுவல், ஒருக்கா வா என்று கூப்பிட்டானாம். அண்ணை சாரத்தோடும் வெறும் மேலோடும் போனார். அம்மா சட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். "இப்ப வந்திடுவான், அம்மா" என்று அவன் சொன்னான். வேன் போயிற்று.

உடம்பு வரவில்லை. சாம்பலும் வரவில்லை. அதனால் அம்மா ஐயரைக் கூப்பிட்டுச் செத்தவருக்குச் செய்கிற எட்டுச்செலவு செய்யவில்லை, முப்பத்தொன்றாம் நாள் சடங்கும் செய்யவில்லை, திவசம் என்ற சொல்லை யாராவது எடுத்தால் எழும்பிப் போய்விடுவாள். பிள்ளை எங்கேயோ அடைபட்டுக் கிடக்கிறான் என்பதுதான் அவள் பேச்சு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருவாறு அவளை லண்டனுக்குக் கூப்பிட்டேன். இங்கேயும் ஊரிலிருந்து புதிதாக வந்த முகம் எதைக் கண்டாலும் பிடித்து வைத்து விசாரிப்பாள். கோயில், கடை, டொக்டர் வீடு, ஒரு இடம் மிச்சமில்லை. எனக்குச் சில நாட்களில் இரக்கம் வரும், பல நாட்களில் எரிச்சல்தான் வரும். அவளுக்கு அறிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அதைச் சொல்லக்கூடியவன் படலையில் நின்று கூப்பிட்டவன் ஒருவன்தான்.

அம்மாவுக்கும் மேல்மாடிக்காரருக்கும் நல்ல பொருத்தம். அவருக்குத் தமிழ் தெரியாது, அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆகவே சண்டை வரவில்லை. மேல்வீட்டுத் தம்பி என்றுதான் அவரைச் சொல்லுவாள். ஒரே ஒரு தகராறு இரைப்பையால் வந்தது. நான் வேலை செய்த இறைச்சிக்கடைக்கு எசெக்ஸ் பக்கத்துக் கொல்களத்திலிருந்து ஆடு எடுத்து வருவோம். அங்கே ஆட்டின் இரைப்பையைக் கழுவாமல், உள்ளே அரைகுறையாய்ச் செமித்துக் கிடக்கிற புல்லோடு, ஒரு வாளியில் கேட்டு வாங்கி வரச் சொல்லுவார். சனிக்கிழமைகளில் அதை அவித்தால் வீடு முழுக்க நாறும். சைவக்காரியான அம்மா சாம்பிராணியோடு அறை அறையாகத் திரிவாள். அந்தப் பச்சைச் சாணியையாவது எறிந்து தொலைக்கலாமே என்று நான் ஒருநாள் கத்தினேன். தன் ஊரில் இதை எறிய மாட்டார்கள் என்றார். செத்த வீட்டில் மாட்டை அறுத்து, வயிற்றிலிருக்கிற புல்லைப் பூசித்தான் கல்லறையைத் துப்புரவாக்குவார்களாம்.

ஊர்க் கதைகள் அவரிடம் நிறைய இருந்தன. எல்லாக் கதையும் அடிபிடிதான். வறட்சியும் சண்டையும் சனத்தைச் சிதறடித்த காலத்தில், உச்சி தட்டையான ஒரு மலையில் அவர்களுடைய முதல் அரசன் எல்லா நாட்டு அகதிகளையும் கூட்டி வைத்துக்கொண்டானாம். ஏறி வந்த படைகளைப் பாறை உருட்டி நசுக்கினானாம். தோற்றுப் பட்டினியோடு திரும்பிய படைக்குப் பின்னால், வழியில் தின்னட்டும் என்று மாடுகளும் அனுப்பினானாம். தோற்றவனுக்குச் சாப்பாடு அனுப்புகிறவன் எல்லாம் ஒரு அரசனா என்று நான் கேட்டேன். அந்தப் படை பிறகு எங்கள் பக்கம் வரவில்லை என்றார். பிற்காலத்தில் வெள்ளையர்கள் அவர்களுடைய சோள நிலத்தைத் துப்பாக்கியால் பறித்துக்கொண்டு மலையை மட்டும் விட்டார்கள். பறிபோன அந்தப் பக்கத்து மண்ணுக்கு அடியில் தங்கம் வெட்ட அவர் இளந்தாரியாய்ப் பாஸ்போட்டோடு போனார்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு சனிக்கிழமை, படலையில் நின்று அண்ணையைக் கூப்பிட்ட அவன் கடைக்கு வந்தான்.

எலும்போடு ஒரு கிலோ ஆட்டிறைச்சி என்றான். குரலில்தான் பிடித்தேன். நிமிர்ந்து பார்த்தால், தலைமயிர் கொட்டி, கன்னம் ஒட்டி, யாரோ கொடுத்த பெரிய ஜாக்கெட்டுக்குள் நின்றான். அவனும் என்னைக் கண்டுகொண்டான். என் கையில் எலும்பு வெட்டுகிற கத்தி இருந்தது. அதைப் போட்டுவிட்டு மேசைக்கு மேலால் பாய்ந்தேன். கத்தியை ஏன் போட்டேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, கையால் அடிக்கத்தான் ஆசையாக இருந்தது. மூக்கெலும்பு நொறுங்கியதை என் முட்டியில் உணர்ந்தேன். பிடரியைப் பிடித்துத் தராசுத் தட்டில் மோதினேன். விழுந்தவனை விலாவில் உதைத்தேன். நிலத்து மரத்தூளில் ஆட்டின் இரத்தம் எது, அவனுடையது எது என்று தெரியவில்லை. அவன் கையைக்கூட உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் விசரை ஏற்றியது. சாமான் வாங்க வந்தவர்கள் என்னை இழுத்துப் பிடிக்க, அவன் எழும்பி, சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே போய்விட்டான். முதலாளி என்ன பிரச்சினை என்று கேட்டார். பெண் விவகாரம் என்று புளுகினேன். அப்படியென்றால் சரி என்று எல்லோரும் தங்கள் இறைச்சியை வாங்கிக்கொண்டு போனார்கள்.

லண்டனில் தமிழன் தமிழனுக்கு ஒளித்து இருக்க முடியாது. ஒரு கிழமைக்குள் இடம் தெரிந்துவிட்டது. வால்தம்ஸ்டோவில் ஒரு லாண்டரிக்கு மேலே, தனி அறை. அம்மாவிடம் மூச்சு விடவில்லை. கொல்வதென்று முடிவு செய்துவிட்டேன். அந்த முடிவு எனக்கு ஒரு சுகத்தைத் தந்தது, வருடக்கணக்கில் வராத பசியைத் தந்தது. ஞாயிறு காலையில் அம்மா கோயிலுக்குப் போனதும் குசினியில் இருந்துகொண்டு கடைக் கத்தியைத் தீட்டத் தொடங்கினேன். மேல்மாடிக்காரர் கேத்தலோடு இறங்கி வந்தார். கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். வா, நானும் வருகிறேன் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, எரிச்சலோடு ஒரு கதை சொன்னார். அந்த அரசன் தன் சனத்தோடு மலைக்கு இடம்பெயர்ந்தபோது, நடக்க முடியாமல் பின்தங்கிய அவனுடைய பாட்டனை வழியில் மனிதரைத் தின்கிறவர்கள் பிடித்துத் தின்றுவிட்டார்கள். பஞ்சத்தால் அப்படி ஆகிப்போன கூட்டம் அது. பிறகு அவர்கள் அகப்பட்டார்கள். வெட்டுவதற்காக ஆட்கள் ஈட்டியோடு நின்றார்கள். அரசன் விடவில்லை. என் பாட்டனை எங்கே அடக்கம் செய்திருக்கிறது, இவர்களுடைய வயிற்றில்தானே, கல்லறையை யாராவது வெட்டுவார்களா என்று கேட்டான். ஒரு மாட்டை அறுப்பித்து, அதன் வயிற்றுப் புல்லை அவர்களுடைய உடம்பில் கல்லறைக்குப் பூசுவது போலப் பூசுவித்து, இருக்க நிலமும் கொடுத்தான்.

உங்கள் அரசனுக்கு மண்டை பிழை என்றேன். அந்தக் காலத்திலும் அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள் என்றார். பிறகு தன்னுடைய கதைக்கு வந்தார், அதை அதுவரை அவர் எனக்குச் சொன்னதில்லை. சுரங்கத்தில் தொழிலாளரை இனம் இனமாகப் பிரித்துத்தான் படுக்க வைப்பார்கள். ஒருநாள் சோத்தோக்களுக்கும் பக்கத்துக் கட்டடத்தில் இருந்த கோசா இனத்தவருக்கும் சண்டை மூண்டது. எதற்கு என்று ஒருவருக்கும் தெரியாது. கம்பெனி வாசலைப் பூட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. சீமெந்துக் கட்டிலுக்குக் கீழே ஒளித்திருந்த ஒருவனை இவர் காலில் பிடித்து வெளியே இழுத்து, பிக்காசுப் பிடியால் தலை கலங்கும்வரை அடித்தார். தினமும் தன்னோடு ஒரே லிப்ட் கூண்டில் நிலத்துக்கடியில் இறங்குகிறவன் என்பது முகத்தைத் திருப்பியபோதுதான் தெரிந்தது. கம்பெனி அவனை ஒரு இலக்கத்தோடு எங்கோ புதைத்தது.

"சாகும்போது ஒரு பெயரைச் சொன்னான். மனைவியா மகளா தெரியாது. அந்தப் பெயர் என்னிடம்தான் இருக்கிறது. என்னை வெட்டினால் அதுவும் போய்விடும்" என்றார். கேத்தலை அடுப்பில் வைத்தார்.

எனக்கு அவர்மேல் ஆத்திரம்தான் வந்தது. நான் கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு எழும்பினேன். அவரும் மேலே போய்க் கம்பளியைப் போர்த்து, தடியையும், முதல்நாள் நான் கொண்டுவந்து கொடுத்த இரைப்பை வாளியையும் எடுத்துக்கொண்டு வந்தார். தடுத்தால் தடியால் அடிப்பார் என்று தெரியும், ஆகவே தடுக்கவில்லை. பஸ்ஸில் எங்களைச் சுற்றி ஒருவரும் இருக்கவில்லை. அந்த வாளியின் மணத்துக்கு யார் இருப்பார்கள்?

அவன் கதவைத் திறந்தான். மூக்கில் பிளாஸ்டர், இரண்டு கண்ணுக்குக் கீழும் கறுத்துப்போயிருந்தது. என்னைக் கண்டதும் கொஞ்சம் இரு என்பதுபோலக் கையைக் காட்டி, உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றான். நெஞ்சில் உதைத்து விழுத்தினேன். முழங்காலால் அவன் கையை நசுக்கிக்கொண்டு கத்தியைக் கழுத்தில் வைத்தேன். தோல் வெட்டுப்பட்டு இரத்தம் கழுத்தெலும்புக் குழியில் தேங்கியது.

"அண்ணை எங்கை?"

"காட்ட இடமில்லை, தம்பி. கல்லுக் கட்டிக் கடலுக்குள்ளை விட்டது."

"ஆர் சுட்டது?"

அவன் கண்ணை மூடினான். "நான்தான்."

கத்தியை ஓங்கினேன். அவ்வளவுதான் தெரியும். என் மணிக்கட்டில் தடி விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் முதலில் கேட்டது, நோவு பிறகுதான் வந்தது. கத்தி கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. நான் நாயைப் போல ஊளையிட்டபடி மற்றக் கையால் அவனுடைய கழுத்தைப் பிடிக்கப் போனேன். மேல்மாடிக்காரர் என் தோளில் இன்னொன்று போட்டார். சுவரோடு போய் விழுந்தேன். என்னைக் காப்பாற்றிய அதே தடிதான், அதே கணக்கான அடிதான். அவருக்குப் பொல்லாத கோபம் அன்றைக்கு. தன்னுடைய மொழியில் என்னைத் திட்டினார். பிறகு அவனுடைய சட்டையைப் பிய்த்துத் திறந்தார். வாளிக்குள் கையை விட்டு, பச்சைப் புல்லை அள்ளி, அவன் நெஞ்சில், வயிற்றில், விலாவில் என்று வழித்து வழித்துப் பூசினார். அறை முழுக்க ஆட்டு வயிற்று நாற்றம்.

அவன் தலையைத் தூக்கி இது என்ன என்று இங்கிலீஷில் கேட்டான்.

"நீ கல்லறை. அசையாதே" என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வாந்தியும் வந்தது. இரண்டாவதுதான் வென்றது. கையைப் பிடித்துக்கொண்டு மூலையில் கிடந்தபடி பார்த்தேன். நான் அடித்தபோதெல்லாம் அழாதவன், அந்தப் பச்சைச் சேற்றோடு மல்லாந்து கிடந்து வாய்விட்டு அழுதான். எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. ஆனால் இந்த ஒருவனைத் தவிர அண்ணைக்கு இந்த உலகத்தில் வேறு இடம் இல்லை என்பது மண்டையில் ஏறிவிட்டது. அது ஏறியதும் என்னால் அவனைக் கொல்ல முடியாமல் போயிற்று. அதற்காக மேல்மாடிக்காரரை வெகுகாலம் வெறுத்தேன்.

கை முறிந்ததைப் பற்றி அம்மாவிடம் கடையில் வழுக்கி விழுந்தேன் என்றேன். அவள் நம்பவில்லை. என் சட்டையை முகர்ந்து பார்த்தாள், மேலே பார்த்தாள், பிறகு வாயைத் திறக்காமல் எனக்கு முன்னால் இருந்தாள். அப்படி இருந்தால் நான் சொல்லிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். அவனைக் கண்டதையும் அடித்ததையும் சொன்னேன். கடலில் விட்டதைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் கத்திக் குழறுவாள் என்று பயந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான். "அவனை இஞ்சை கூட்டிக்கொண்டு வா."

வருவான் என்று நான் நினைக்கவில்லை. சொல்லி அனுப்பிய வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து நின்றான். கழுத்தில் என்னுடைய வெட்டு காய்ந்து கறுத்திருந்தது. மேல்மாடிக்காரர் படியில் இறங்கி வந்து, பாதிப் படியில் கம்பளியோடு இருந்துகொண்டார். என்னைக் காவல் காக்கத்தான் அவர் இருந்தார், அவனையல்ல. அம்மா சமைத்து வைத்திருந்தாள். வா, இரு என்றாள். சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டாள், பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு எல்லாம் போட்டாள். அவன் சோற்றில் கையை வைத்துக்கொண்டிருந்தானே தவிர வாயில் வைக்கவில்லை. அவள் முன் கதிரையில் இருந்து அவன் முகத்தையே பார்த்தாள்.

"என்ர பிள்ளை இல்லையோ?"

"இல்லை, அம்மா."

"நீயோ செய்தனீ?"

"ஓம், அம்மா."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். அவள் அழவில்லை. மேசையில் இருந்த சோற்றுப் பருக்கை ஒன்றை எடுத்துக் கோப்பை ஓரத்தில் வைத்தாள்.

"கடைசியா அவன் ஏதும் கேட்டவனோ?"

அவன் கோப்பையிலிருந்து கையை எடுத்தான். மேலே இருந்தவருக்குத் தமிழ் விளங்காது, ஆனால் அவர் படியிலிருந்து எழும்பி நின்றுவிட்டார்.

"தண்ணி கேட்டவன்."

"குடுத்தனியோ?"

"இல்லை, அம்மா."

அம்மா எழும்பிப் போய் ஜக்கு நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். கிளாசில் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். "குடி" என்றாள். குடித்தான். திரும்ப ஊற்றினாள். அதையும் குடித்தான். அவன் குடிக்கக் குடிக்க அவள் ஊற்றினாள். தண்ணீர் அவன் கடைவாயால் வழிந்து, கழுத்து வெட்டில் பட்டு, சட்டைக்குள் இறங்கியது. போதும் என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஜக்கு வெறுமையானதும் அதை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, ஐயருக்குப் போன் எடு என்றாள்.